கடைசியாகப் பட்ட நிறம்: பெல்ட்ஸ்வில் லெட்டூஸ் விதைகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஈர ஒற்றுத்தாளில் பரப்பிய லெட்டூஸ் விதைகளுக்கு இருட்டறையில் ஒரு நிமிடம் சிவப்பு ஒளி காட்டி, மறுபடி இருட்டிலேயே வைத்துவிட்டால் இரண்டு நாளில் நூற்றுக்கு எழுபது முளைத்துவிடும். அந்தச் சிவப்புக்குப் பிறகு சில நிமிடம் தூரச் சிவப்பு ஒளி பட்டால் ஆறோ ஏழோதான் முளைக்கும். அதற்கும் பிறகு இன்னொரு நிமிடம் சிவப்பு பட்டால் திரும்பவும் எழுபதைத் தாண்டும். இப்படி மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும் விதை கணக்கில் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: கடைசியாகப் பட்டது எந்த நிறம்?

தூரச் சிவப்பு என்பது நம் கண்ணுக்கு எட்டும் சிவப்பின் கடைசி விளிம்பு. அலைநீளம் 700 நானோமீட்டரைத் தாண்டியது. நமக்கு அது ஏறக்குறைய இருட்டு. செடிக்கோ அது தெளிவான செய்தி.

இந்தச் சோதனையின் முடிவு 1952இல் வெளியானது. செய்தவர்கள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்கு அருகே பெல்ட்ஸ்வில் என்ற ஊரில் உள்ள வேளாண் ஆராய்ச்சி மையத்தினர். தாவரங்கள் நிறத்தை எப்படி அறிகின்றன என்ற கேள்வியில் இதைவிட முக்கியமான ஒரு சோதனையை என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு மாடித்தோட்டத்துக்கு விளக்கு விற்பவர்கள் 'நீலம் இலைக்கு, சிவப்பு பூவுக்கு' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பெல்ட்ஸ்வில்லில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அந்த வாசகம் ஏன் தவறு என்பது தானாகவே விளங்கும். அதற்காகத்தான் இந்த நிகழ்வை முதலிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பூக்க மறுத்த புகையிலை

தொடக்கம் விதையில் இல்லை, பூவில் இருக்கிறது. 'மேரிலாந்து மம்மத்' என்ற புகையிலை ரகம் கோடை முழுக்க வயலில் ஆள் உயரத்தைத் தாண்டி இலை விட்டுக்கொண்டே போகும்; பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் வைத்தால் சின்னச் செடியிலேயே பூத்துவிடும். அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் வெப்பம், உரம், ஈரம் என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துவிட்டு, 1918 கோடையில் ஒரு ஜன்னலில்லாத கொட்டகை கட்டினார்கள். செடித் தொட்டிகளை மாலை 4 மணிக்கு அதற்குள் தள்ளி, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். நடுக்கோடையிலேயே புகையிலை பூத்தது. பகலின் நீளம்தான் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று 1920இல் எழுதினார்கள். பகல் குறுகினால் பூக்கும் குறும்பகல் தாவரம், பகல் நீண்டால் பூக்கும் நெடும்பகல் தாவரம் என்று நாம் பள்ளியில் படித்த பாகுபாடு அங்கிருந்து வந்தது.

ஆனால் செடி அளப்பது பகலையா, இரவையா? 1938இல் சிகாகோவில் ஹாம்னர், பானர் இருவரும் இதற்கு விடை கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி மருளூமத்தை. நம் ஊர்த் தரிசுகளிலும் குளக்கரைகளிலும் வளர்ந்து வேட்டியிலும் ஆட்டு மயிரிலும் முள்காயாக ஒட்டிக்கொள்ளும் அதே செடிதான். ஒரே ஒரு நீண்ட இரவு கிடைத்தால் போதும், அது பூக்கத் தொடங்கிவிடும். பகலின் நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை. நீண்ட இரவின் நடுவே ஒரு நிமிடம் விளக்கைப் போட்டாலோ பூ வருவதில்லை. ஆகவே செடி அளந்துகொண்டிருப்பது இடையறாத இருட்டை.

அந்த ஒரு நிமிட ஒளியைச் செடிக்குள் ஏதோ ஒன்று வாங்கிக்கொள்கிறது. ஒளியை வாங்கும் எந்தப் பொருளும் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் வாங்காது. எந்த நிறம் மிகக் குறைந்த அளவிலேயே பூவைத் தடுக்கிறது என்று பார்த்தால் அந்தப் பொருளின் அடையாளம் கிடைக்கும். பெல்ட்ஸ்வில் குழு இங்கிருந்துதான் தொடங்கியது.

நிறமாலைக்குள் செடிகள்

குழுவில் மூவர் முக்கியமானவர்கள். ஹாரி போர்த்விக், மரியன் பார்க்கர் இருவரும் தாவரவியலாளர்கள். ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் வேதியியலாளர். களிமண் கனிமங்களின் அமைப்பை எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்து பெயர் வாங்கியவர், மலையேற்றத்திலும் தேர்ந்தவர். பூவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இப்படியொருவர் வந்து சேர்ந்தது பெரிய நல்வாய்ப்பு. ஏனென்றால் அவர் செடியைப் பார்க்கவில்லை. செடிக்குள் நடக்கும் வேதிவினையைப் பார்த்தார்.

அவர்கள் பெரிய நிறமாலைக் கருவி ஒன்றை அமைத்தார்கள். பழைய சினிமாக் கொட்டகைகளின் புரொஜெக்டரில் எரிந்த வகையைச் சேர்ந்த கார்பன் விளக்கின் வெளிச்சம் முப்பட்டகங்கள் வழியாகப் பிரிந்து, இருட்டறையில் ஊதாவிலிருந்து சிவப்பு வரை அகலமான பட்டையாக விழும். ஆய்வக மேசையில் விழும் விரலகல வானவில் இதற்கு உதவாது. ஒவ்வொரு நிறத்திலும் ஓர் இலையை முழுதாக விரித்து வைக்கும் அளவுக்குப் பட்டை அகலமாக வேண்டும். பிலாக்ஸி ரக சோயாச் செடிகளில் தேவையான இலையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளி, அந்த இலையை நிறமாலையில் அதனதன் இடத்தில் வைத்து, இரவின் நடுவே சில நிமிடம் ஒளி காட்டினார்கள். பிறகு நுனிமொட்டைப் பிரித்து நுண்ணோக்கியில் பூவின் தொடக்கம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு முறை செய்தால் போதாது. ஒவ்வொரு நிறத்திலும் ஒளியின் அளவைக் கூட்டிக் குறைத்து, பூவைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். நாள்பட்ட, சலிப்பூட்டும் வேலை. இந்த ஆய்வின் உயிரே அந்த வேலைதான்.

1940களின் நடுவில் வந்த முடிவு இது: பூவைத் தடுப்பதில் 600 முதல் 680 நானோமீட்டர் வரையுள்ள சிவப்புக்கு ஈடில்லை. நீலமும் பச்சையும் மிக அதிகமாகக் கொட்டினால்தான் ஏதோ கொஞ்சம் வேலை செய்யும். 720ஐத் தாண்டினால் எதுவும் நடப்பதில்லை என்று அப்போது தோன்றியது. மருளூமத்தையின் வரைபடத்திலும் இதே கோடுதான் வந்தது.

அடுத்துப் பார்லியை எடுத்தார்கள். பார்லி நெடும்பகல் தாவரம். இரவில் ஒளி பட்டால் சோயா பூக்காது, பார்லியோ பூக்கும். 1948இல் வெளியான அந்தச் சோதனையிலும் அதே சிவப்பு, அதே அலைநீளங்கள். விளைவு மட்டும் நேர்மாறு. பிறகு இருட்டில் முளைத்து வெளிறிப்போன பட்டாணியை எடுத்தார்கள். அதன் இலை விரியத் தேவைப்பட்டதும் அதே சிவப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே சிவப்பு ஒரு செடியில் பூவைத் தடுக்கிறது, இன்னொன்றில் பூவை அழைக்கிறது, மூன்றாவதில் இலையை விரிக்கிறது. அப்படியானால் 'பூ' என்ற கட்டளை சிவப்பில் இல்லை. சிவப்பு கொண்டுவருவது 'வெளிச்சம் வந்துவிட்டது' என்ற செய்தி மட்டுமே. அதை வைத்து என்ன செய்வது என்பது அந்தச் செடியின் குலவழக்கம். விளக்கு விற்பவர்களின் வாசகம் 1948லேயே பொய்த்துவிட்டது.

பதினைந்து ஆண்டு காத்திருந்த தகவல்

அதே மையத்தில் விதைகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் ஈபன் டூல், விவியன் டூல் தம்பதியர். லெட்டூஸ் விதைக்கு முளைக்க ஒளி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். குறிப்பாக 'கிராண்ட் ராப்பிட்ஸ்' என்ற ரகம். விதை முளைப்பதும் ஒளியை வாங்கும் அதே பொருளின், அதாவது அதே நிறமியின் வேலையா என்று பார்க்க விதைகளையும் நிறமாலைக்குள் வைத்தார்கள். சிவப்பு அங்கேயும் அதே இடத்தில் வந்து நின்றது.

ஆனால் விதையைப் பற்றி இன்னொரு தகவல் ஏற்கெனவே அச்சில் இருந்தது. 1935இலும் 1937இலும் ஃபிளின்ட், மெக்அலிஸ்டர் இருவரும் லெட்டூஸ் விதைகளை நிறமாலையில் வைத்துப் பார்த்திருந்தார்கள். முளைப்பதைத் தூண்டும் நிறம் எது என்பதோடு, தடுக்கும் நிறம் எது என்றும் அறிய விரும்பினார்கள். அதற்காக அவர்கள் கையாண்ட உத்தி எளிமையானது, அழகானது. முதலில் எல்லா விதைகளுக்கும் பாதியளவு முளைக்கப் போதுமான சிவப்பைக் கொடுத்துவிட்டு, பிறகு நிறமாலையில் பரப்பினார்கள். பாதிக்கு மேல் முளைத்த இடம் தூண்டும் நிறம். பாதிக்குக் கீழே போன இடம் தடுக்கும் நிறம். சிவப்புக்கு அப்பால், 700ஐத் தாண்டிய பகுதியில் முளைப்பு மிகவும் விழுந்திருந்தது.

சிவப்பு முதலில், தூரச் சிவப்பு பிறகு என்ற வரிசை அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு மறுபடி ஒரு முறை சிவப்பைக் காட்டிப் பார்த்திருந்தால் 1937லேயே கதை முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி 'எந்த நிறம் என்ன செய்கிறது' என்பது. 'செய்ததைத் திருப்ப முடியுமா' என்ற கேள்வி எழவில்லை. இதை அவர்கள் குறையாக நான் சொல்லவில்லை. தூண்டுவதற்கு ஒரு பொருள், தடுப்பதற்கு வேறொரு பொருள் என்று நினைப்பதுதான் அன்றைக்கு இயல்பு. இரண்டும் ஒன்றுதானோ என்று சந்தேகிக்க, பூவிலும் இலையிலும் தண்டிலும் ஒரே கோடு திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துச் சலித்த கண்கள் தேவைப்பட்டன.

பெல்ட்ஸ்வில் குழு திருப்பிப் பார்த்தது. விதைகளை இருட்டில் ஊறவைத்து, மங்கிய பச்சை வெளிச்சத்தில் வேலை செய்து, சிவப்பு, தூரச் சிவப்பு, மறுபடி சிவப்பு என்று காட்டிக்கொண்டே போனார்கள். சிவப்பில் முடிந்த தட்டுகளில் முளைப்பு எழுபதிலிருந்து எண்பது விழுக்காடு. தூரச் சிவப்பில் முடிந்தவற்றில் ஆறேழு. எத்தனை முறை மாற்றினாலும் எண்கள் அசையவில்லை. இரண்டு தனிப் பொருள்கள் ஒன்றையொன்று எதிர்த்துப் போராடியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது மிச்சம் தங்கி எண்கள் மெல்ல நகர்ந்திருக்கும். நகராததுதான் சான்று. ஒரே நிறமி இரண்டு வடிவங்களுக்கு இடையே போய்வருகிறது.

(இதைச் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. டியூப்லைட்டின் மேல் சிவப்பு செலோபேன் தாள் சுற்றினால் தூரச் சிவப்பு மிகக் குறைந்த சிவப்பு ஒளி கிடைக்கும். பழைய குண்டு பல்பின் மேல் சிவப்பும் நீலமுமாகத் தாள்களை அடுக்கினால் கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் நின்று தூரச் சிவப்பு மட்டும் வெளியே வரும். விதை ரகத்தையும் வெப்பநிலையையும் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். குளிர்ச்சியான அறையில் கிராண்ட் ராப்பிட்ஸ் இருட்டிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். இன்றைய லெட்டூஸ் ரகங்கள் பலவற்றுக்கு ஒளியே தேவைப்படாது.)

விதையில் கண்டதை உடனே பூவில் சோதித்தார்கள். நடு இரவில் சிவப்பு பட்ட மருளூமத்தை பூக்காது. அந்தச் சிவப்புக்குப் பின்னாலேயே தூரச் சிவப்பு பட்டால் பூத்தது. ஆனால் விதையைப் போல அது பொறுமையாகக் காத்திருக்கவில்லை. சிவப்புக்கும் தூரச் சிவப்புக்கும் நடுவே அரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டால் திருப்ப முடியவில்லை. செய்தி அதற்குள் நிறமியைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

காண்பதற்கு முன் கணித்த நிறமி

இதற்குப் பிறகு ஹென்ட்ரிக்ஸும் போர்த்விக்கும் தைரியமாகப் பல முடிவுகளைச் சொன்னார்கள். நிறமி ஒன்றுதான். அதன் ஒரு வடிவம் 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பை வாங்கி மற்ற வடிவமாக மாறுகிறது. அது 730ஐ ஒட்டிய தூரச் சிவப்பை வாங்கித் திரும்பி வருகிறது. சிவப்பை வாங்குவதால் பொருளின் நிறம் நீலமாகத்தான் இருக்க வேண்டும். செடியில் அதன் அளவு மிக மிகக் குறைவு, ஆகவே கண்ணுக்குத் தெரிவதில்லை. இவ்வளவும் ஒரு துளி நிறமியைக்கூடப் பிரித்தெடுக்காமல் சொன்னவை. பார்க்காத ஒன்றை இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறார்களே என்று சக ஆய்வாளர்கள் சிலர் அதைக் கற்பனை நிறமி என்று கேலி செய்தார்கள்.

உதவி வேறொரு திசையிலிருந்து வந்தது. பெல்ட்ஸ்வில்லில் கார்ல் நாரிஸ் என்ற பொறியாளர் முட்டையை உடைக்காமல், பழத்தை வெட்டாமல் உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒளியைச் செலுத்தி அறியும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தார். சாதாரண ஒளி அளவிக்குத் தெளிந்த கரைசல் வேண்டும். நாரிஸின் கருவி, ஒளியைச் சிதறடிக்கும் கலங்கலான பொருளுக்குள்ளும் நுண்ணிய வேறுபாட்டை அளந்தது. செடியின் திசுவும் அப்படித்தான், கலங்கலானது.

பச்சையம் இருந்தால் அதன் சிவப்பு உறிஞ்சலில் மற்றதெல்லாம் மறைந்துவிடும். அதனால் முழு இருட்டில் முளைத்த, பச்சையே பிடிக்காத மக்காச்சோள முளைகளை எடுத்து நறுக்கிக் கருவிக்குள் அடைத்தார்கள். சிவப்பைக் காட்டியதும் 660இல் உறிஞ்சல் இறங்கியது, 730இல் ஏறியது. தூரச் சிவப்பைக் காட்டியதும் இரண்டும் பழையபடி. ஏழு ஆண்டுகளுக்கு முன் விதைத் தட்டில் எண்ணிப் பார்த்தது, இப்போது கருவி முள்ளின் அசைவில் தெரிந்தது. வாரன் பட்லர், நாரிஸ், சீகல்மன், ஹென்ட்ரிக்ஸ் நால்வரும் 1959இல் இதை வெளியிட்டார்கள். பிரித்தெடுத்த புரதம் சொன்னபடியே நீலமாக இருந்தது. ஃபைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள்.

கருவியைப் பற்றிப் பலர் வியந்து எழுதுகிறார்கள். எனக்கு வியப்பு, பூ ஆராய்ச்சிக்காரர்களும் விதை ஆராய்ச்சிக்காரர்களும் முட்டைக் கருவி செய்தவரும் ஒரே வளாகத்தில் ஒருவர் அறைக்குள் ஒருவர் போய்வந்தார்கள் என்பதில்தான். நாட்டின் வெவ்வேறு மூலைகளில் இருந்திருந்தால் இந்த மூன்று தகவலும் ஒன்றுசேர எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

செடிக்கு இதனால் என்ன பயன்

இயற்கையில் யாரும் விதைக்கு ஒரு நிமிடம் சிவப்பும் அடுத்த நிமிடம் தூரச் சிவப்பும் காட்டுவதில்லை. பிறகு எதற்கு இப்படி ஒரு நிறமி?

விடை இலையில் இருக்கிறது. வெயிலில் சிவப்பும் தூரச் சிவப்பும் ஏறக்குறைய சம அளவு. சிவப்பு சற்றே கூட, விகிதம் 1.2ஐ ஒட்டி. இலைக்குள் புகும்போது பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் வாங்கிக்கொள்கிறது. தூரச் சிவப்பைத் தொடுவதில்லை. அது இலையை ஊடுருவியும் இலையில் பட்டுத் தெறித்தும் போகிறது. அடர்ந்த இலைப்பந்தலின் கீழே சிவப்பு, தூரச் சிவப்பின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கிவிடும். மேகமூட்டம் வெளிச்சத்தைக் குறைக்கும், ஆனால் இந்த விகிதத்தை இவ்வளவு குறைக்காது. ஆகவே விகிதம் விழுந்தால் பக்கத்தில் இன்னொரு பச்சை இலை இருக்கிறது என்று பொருள். சுவரின் நிழலையும் செடியின் நிழலையும் பிரித்தறிய இதைவிட நம்பகமான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

லெட்டூஸ் விதையின் உள்ளே இருக்கும் உணவு மிகக் கொஞ்சம். மரநிழலில் முளைத்தால் வெயிலை எட்டுவதற்குள் கையிருப்பு தீர்ந்துபோகும். அதனால் தூரச் சிவப்பு மிகுந்த இடத்தில் அது உறங்குகிறது. மேலே நிற்கும் செடி சாய்ந்தால், வெட்டப்பட்டால், சிவப்பு வந்து எழுப்புகிறது. மண்ணுக்குள் புதைந்த களை விதைகள் பல இன்னும் கூர்மையானவை. ஊறிக் கிடக்கும் விதை, உழும்போது மண் புரளும் நொடியில் படும் வெயிலிலேயே விழித்துக்கொள்கிறது. இதைத் தவிர்க்க இரவில் உழுதால் களை குறையுமா என்று ஜெர்மனியில் சோதித்துப் பார்த்தார்கள்; குறைந்தது. வேறு இடங்களில் பலன் கூடியும் குறைந்தும் வந்தது. களை விதைகள் எல்லாமே ஒளிக்குக் காத்திருப்பவை அல்ல.

வளர்ந்த செடிக்கும் இதே செய்திதான். 1957இல் பெல்ட்ஸ்வில்லிலேயே பீன்ஸ் செடிகளுக்கு மாலையில் பகல் முடிந்ததும் சில நிமிடம் தூரச் சிவப்பைக் காட்டினார்கள். கணுவிடைகள் நீண்டு செடி ஒல்லியாக உயர்ந்தது. உடனே சிவப்பைக் காட்டினால் அந்த நீட்சி நின்றது. நெருக்கமாக விட்ட நாற்றங்காலில் நாற்று நெடுநெடுவென்று மெலிந்து வளர்வதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1990இல் அர்ஜென்டினாவில் பயாரே முதலானோர் இன்னும் ஒரு படி போனார்கள். நிழல் விழுவதற்கு முன்பே, பக்கத்துச் செடியின் இலையில் தெறித்து வரும் தூரச் சிவப்பைத் தண்டு உணர்ந்து நீளத் தொடங்குகிறது என்று வயலிலேயே காட்டினார்கள். போட்டி வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு செடி உயர்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெல்ட்ஸ்வில் படம் அழகானது, ஆனால் முழுமையானது அல்ல. ஃபைட்டோகுரோம் ஒன்றில்லை. கடுகுக் குடும்பத்தின் சிறு செடியான அரபிடாப்சிஸில் ஐந்து வகை உண்டு. அவற்றில் ஒன்று, மண்ணுக்குள் நொடி நேர ஒளியைப் பிடிக்கும் அளவு நுண்மையானது. கடைசி நிறக் கணக்குக்கு அது கட்டுப்படுவதுமில்லை. இன்னொன்று, 2016இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டியபடி, இரவின் வெப்பத்தையும் அளக்கிறது. சிவப்பு பட்டு விழித்த வடிவம் ஒளியே இல்லாமலும் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். வெப்பம் கூடினால் வேகமாகத் திரும்பும். கிராண்ட் ராப்பிட்ஸ் விதை வெப்பத்துக்கு ஏற்ப நடத்தையை மாற்றுவதன் பின்னணியில் ஒளியையும் வெப்பத்தையும் சேர்த்துப் படிக்கும் இந்த இயல்பு இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

நீலத்தின் தனி வழி

ஜன்னலோரத் தொட்டிச்செடி வெளிச்சத்தை நோக்கிச் சாய்வதில் ஃபைட்டோகுரோமுக்கு முதன்மை இடம் இல்லை. சிவப்பு ஒளியை ஒரு பக்கமிருந்து எவ்வளவு காட்டினாலும் முளை பெரும்பாலும் நேராகவே நிற்கும், நீலத்துக்குத்தான் வளையும். இது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்தி. ஆனால் நீலத்தை வாங்கும் பொருள் எது என்று தெரிய 1990கள் வரை ஆனது. 1993இல் அமெரிக்காவில் மார்கரெட் அகமதுவும் ஆன்டனி கேஷ்மோரும் கிரிப்டோகுரோம் என்ற ஏற்பியின், அதாவது நீல ஒளியை வாங்கும் புரதத்தின், மரபணுவைக் கண்டார்கள். முளையின் தண்டை நீலத்தில் குட்டையாக வைத்திருப்பது அது. வளைவதற்கும் இலைத்துளை திறப்பதற்கும் பொறுப்பான ஃபோட்டோட்ரோபின், வின்ஸ்லோ பிரிக்ஸ் குழுவின் வேலையால் 1997இல் பிடிபட்டது. புற ஊதாவுக்குத் தனி ஏற்பி 2011இல். பச்சைக்கென்று தனி ஏற்பி இதுவரை உறுதிப்படவில்லை.

விளக்கு எரியும் தோட்டம்

இந்த அறிவைக் காசாக மாற்றிய முதல் பயிர்களில் ஒன்று செவ்வந்தி. அது குறும்பகல் தாவரம். 1957இல் பெல்ட்ஸ்வில்லின் மார்க் கேத்தியும் போர்த்விக்கும் செவ்வந்தியிலும் சிவப்பு, தூரச் சிவப்பு மாற்றம் வேலை செய்வதைக் காட்டினார்கள். அதன்பின் இரவு முழுக்க விளக்கெரிக்கத் தேவையில்லை, நடுநிசியில் சில மணி நேரம் விட்டு விட்டு எரித்தாலே போதும் என்றும் கண்டார்கள்.

ஓசூர், பெங்களூரு வட்டாரத்தில் இரவு நேரத்தில் வயலும் பாலிஹவுஸும் மஞ்சளாக ஒளிர்வதைப் பார்த்தவர்கள் உண்டு. அங்கே நடப்பது இதுதான். ஓசூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. செவ்வந்திக்கு அது எப்போதும் 'குறும்பகல்'. விட்டால் காம்பு நீளுவதற்குள் மொட்டு வைத்துவிடும். கொய்மலர் சந்தையில் குட்டைக் காம்புக்கு விலை இல்லை. அதனால் நட்ட முதல் சில வாரங்கள் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கிச் சில மணி நேரம் பல்பு எரிகிறது. இரவு துண்டாகிறது, செடி உயர்கிறது. போதிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்தால் வரிசையாக மொட்டு வரும். சிவப்பு பூவை வரவழைக்கும் என்று நம்பி யாராவது அந்த வாரத்திலும் சிவப்பு எல்இடியை எரியவிட்டால் பூ வராது. இரவில் சிவப்பு என்பது செவ்வந்திக்குத் தடை.

எல்இடி வாங்குபவர் கேட்க வேண்டியவை வேறு. பகலில் ஒளிச்சேர்க்கைக்காகவா, இரவைத் துண்டாக்கவா? துண்டாக்கத்தான் என்றால், பயிர் குறும்பகல் வகையா, நெடும்பகல் வகையா? குறும்பகல் பயிரின் பூவைத் தள்ளிப்போடச் சிவப்பு மட்டும் போதும். நெடும்பகல் வகைகள் சிலவற்றைப் பூக்கவைக்கச் சிவப்போடு தூரச் சிவப்பும் சேர்ந்தால்தான் நன்றாக வேலை செய்யும். பழைய குண்டு பல்பு இரண்டையும் தாராளமாகக் கொடுத்தது. அதை மாற்றும்போது இதைக் கவனிக்காமல் போனால் மின்சாரம் மிச்சமாகும், பயிர் ஏமாற்றும்.

அறைக்குள் முழுக்க விளக்கிலேயே வளர்ப்பதாக இருந்தால் நீலத்தை விட முடியாது. 1990களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிவப்பு எல்இடியின் கீழ் வளர்த்ததும் லெட்டூஸ்தான். சிவப்பு மட்டும் கொடுத்தபோது முளைத்தண்டு அளவுக்கு மீறி நீண்டது. கொஞ்சம் நீலம் சேர்த்ததும் சரியானது. பின்னர் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிவப்பு, நீலம், பச்சை எல்இடிகளின் கீழ் வளர்ந்த செந்நிற லெட்டூஸை 2015 ஆகஸ்டில் விண்வெளி வீரர்கள் சாப்பிட்டார்கள். பச்சை விளக்கைச் சேர்த்ததில் ஒரு காரணம், செடி மனிதக் கண்ணுக்கு இயல்பான நிறத்தில் தெரிய வேண்டும் என்பது. சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா வெளிச்சத்தில் இலை கறுத்துத் தெரியும். நோயா, பசியா என்று கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்குள் கீரை வளர்ப்பவர்களுக்கும் இதே காரணத்துக்காக நான் வெள்ளை விளக்கையே சொல்வேன்.

நெல்லைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். நம் பழைய சம்பா ரகங்கள் பட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. எப்போது நட்டாலும் பகல் குறுகும் பருவம் வந்தால்தான் கதிர் வரும். அவற்றில் இரவை அளப்பதும் ஃபைட்டோகுரோம்தான். ஜப்பானில் வயலோரத் தெருவிளக்கின் கீழ் நெல் கதிர் தள்ளுவது தாமதமாகிறது என்று நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலை விளக்கடியில் சோயா முற்றாமல் பச்சையாகவே நிற்பதும் தெரிந்த செய்தி. பாரம்பரிய நெல்லுக்குத் திரும்பும் விவசாயிகள் இங்கே பெருகிவருகிறார்கள். அதே காலத்தில் கிராமச் சாலைகளில் விளக்குகளும் பெருகுகின்றன. சாலைக்கம்பத்தை ஒட்டிய பாத்தியில் மட்டும் கதிர் பிந்தினால் உரத்தையோ பூச்சியையோ தேடுவதற்கு முன் மேலே பார்க்கலாம். விளக்குக்கு வயல்பக்கம் ஒரு மறைப்புத் தகடு வைக்கச் சொல்லி ஊராட்சியிடம் கேட்கலாம். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அதைச் செய்தாலே சம்பாவுக்குப் போதும்.